சிபி பிள்ளையோடு ஆறு வருடம் ஏறி இறங்கிய இடங்கள்: என் மதிப்பெண்

என் மகனுக்கு ஏழு வயது. சிபி, அதாவது மூளை முடக்குவாதம். கை கால் நான்கிலும் இறுக்கம், தானாக உட்கார மாட்டான், பேச்சு வரவில்லை, ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருக்கிற சேனலை யாராவது மாற்றினால் தெருக்கோடி வரை சத்தம் கேட்கும். ஒரு வயதில் கண்டுபிடித்தோம். மிக்ஸி வாங்குவதற்குக்கூட நூறு பேர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறோம், பிள்ளைக்குத் தெரப்பி என்றால் மட்டும் யாரோ சொன்னார்கள் என்று போய் உட்கார்ந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தென் மாவட்டத்தில் ஒரு சின்ன நகரம். குறை சொல்கிற இடங்களுக்குப் பெயர் போடவில்லை, ஏனென்றால் ஆட்கள் மாறுகிறார்கள், நான் போனபோது இருந்த நிலை இன்று இல்லாமலும் இருக்கலாம்.

முதலில் போனது ஒரு தனியார் தெரப்பி சென்டர். ஏசி, வாசலில் மீன் தொட்டி, சுவர் முழுக்க யானையும் ஒட்டகச்சிவிங்கியும். வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு 45 நிமிடம், 600 ரூபாய். பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். முதல் நாள் நானும் பின்னாலேயே போனேன். "அம்மா உள்ள இருந்தா குழந்தை கோஆபரேட் பண்ணாதும்மா, வெளிய உக்காருங்க" என்றார்கள். சரி, படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று வெளியே உட்கார்ந்தேன். உள்ளே அவன் அழுகிற சத்தம் கேட்கும். நான் மீனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தத் தொட்டியில் இருந்த ஏழு மீனில் ஒன்றுக்கு வால் கிழிந்திருக்கும், அது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 45 நிமிடம் கழித்து வேர்த்துப்போய் முகம் சிவந்து வெளியே வருவான். "இன்னிக்கி நல்லா பண்ணான்மா" என்பார்கள். என்ன பண்ணினான், எதற்குப் பண்ணினான், வீட்டில் நான் என்ன பண்ண வேண்டும் என்று கேட்டால் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள், முழுக்க இங்கிலீஷ், குச்சி குச்சியாக மனிதப் படங்கள். எட்டு மாதம் போனோம். ஏறக்குறைய 57 ஆயிரம் ரூபாய்.

அந்தத் தெரப்பிஸ்ட் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையான பிள்ளை, அவனுக்குப் பாட்டுப் பாடித்தான் கையை விரிப்பாள். ஆனால் அந்த இடத்தின் முறையே தப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அவர்கள் கையில் அவன் இருந்தது இரண்டே கால் மணி நேரம். மிச்சம் 165 மணி நேரத்துக்கு மேல் என் கையில், என் அத்தை கையில். நாங்கள் அவனை எப்படித் தூக்குகிறோம், எப்படிப் படுக்க வைக்கிறோம், எப்படி ஊட்டுகிறோம் என்று எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட யாரும் கேட்கவில்லை. ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் பாட்டுக்கு.

பிறகு பணம் முடையாகி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நல்லது தேடிப் போனதாகப் பொய் சொல்ல விரும்பவில்லை, பணம் இல்லாமல்தான் போனோம். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி வளாகத்திலேயே "மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம்" என்று ஒன்று இருக்கும். பலகையைப் படித்து முடிப்பதற்குள் நம் டோக்கன் நம்பர் போய்விடும், எல்லோரும் டிஇஐசி என்றுதான் சொல்வார்கள். 2013-இல் வந்த ஆர்பிஎஸ்கே என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் தொடங்கியவை இவை, பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை, பிறவிக் குறையானாலும் வளர்ச்சித் தாமதமானாலும் பைசா வாங்காமல் பார்ப்பார்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிற மருத்துவக் குழு இதே திட்டத்து ஆட்கள்தான், அவர்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் நேராக இங்கே வரலாம். எங்களுக்கு இது ஒரு வயதிலேயே தெரிந்திருந்தால் அந்த எட்டு மாதமும் மிச்சம்.

அங்கே கதவு சாத்தவில்லை. பெரிய கொள்கை எல்லாம் இல்லை, இடம் இல்லை, அவ்வளவுதான். ஒரே அறையில் இரண்டு பாய், ஒரு பெரிய பந்து, ஐந்து பிள்ளைகள், ஐந்து அம்மாக்கள், ஒரு ஆச்சி. பிசியோ மேடம் ஒரு பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டே இன்னொரு அம்மாவுக்குக் குரல் கொடுப்பார், "முட்டிய புடிக்காதீங்க, தொடையப் புடிங்க" என்று. இரண்டாவது வாரமே என் கையைப் பிடித்து அவன் தொடைமேல் வைத்து, இறுக்கம் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் தானாக இளகும் என்று காட்டினார். பலமாக இழுத்தால் இன்னும் இறுகுமாம். அதுவரை நான் வீட்டில் எண்ணெய் தேய்த்து இழுத்துக்கொண்டிருந்தேன், நல்லது செய்வதாக நினைத்து.

ஒரு நாள் டோக்கன் தாமதமாகி அங்கேயே அவனுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. டப்பாவைத் திறந்து இட்லியைப் பாலில் கரைத்து, மடியில் மல்லாக்கப் போட்டு, தலை பின்னால் சாய, வாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து அப்படித்தான். சாப்பிடும்போது இருமுவான், மாதம் ஒரு தடவை சளி, வருடத்துக்கு இரண்டு தடவை அட்மிஷன், அதெல்லாம் அவன் உடம்பு வாகு என்று நினைத்திருந்தோம். மேடம் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "ஐயோ, நிறுத்துங்க, நுரையீரலுக்குப் போயிரும்." அவனைத் தூக்கி நிமிர்த்தி, முதுகை என் நெஞ்சோடு சாய்த்து, இடுப்பு மடங்கி இருக்க உட்கார வைத்தார். தலையைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்து, தாடையை என் இரண்டு விரலால் தாங்கச் சொன்னார். இட்லியைக் கரைக்காமல் கெட்டியாக மசித்து, ஸ்பூனை நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்திவிட்டு எடுக்க வேண்டும், மேலுதட்டில் வழித்து எடுக்கக் கூடாது. ஒரு வாய் போனதும் அடுத்ததற்கு அவசரப்படாமல் விழுங்குகிற வரை பார்க்க வேண்டும். முழு இட்லி சாப்பிட அரை மணி நேரம் ஆனது. இருமல் ஒன்றுகூட வரவில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன், பக்கத்துப் பாய் அக்கா முந்தானையை நீட்டினார். அந்த வருடம் அட்மிஷன் இல்லை.

நான் டப்பாவைத் திறந்ததை அவர் பார்த்ததால்தான் இது நடந்தது. கதவு சாத்திய அறையில் யாரும் யார் டப்பாவையும் பார்க்கப் போவதில்லை.

தூக்குவதும் அப்படித்தான். அவன் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும். நாங்கள் தோளில் நேராகச் சாய்த்துத் தூக்குவோம், அது பின்னலை இன்னும் அதிகப்படுத்தும். "நம்ம ஊர்ல இடுப்புல வெச்சுக்குவோம்ல, கால் ரெண்டும் ரெண்டு பக்கம், அதே மாதிரி வைங்க" என்றார் மேடம். பிறகு, தானாக நடக்காத சிபி பிள்ளைகளுக்குத் தொடையெலும்பு மெல்ல மெல்ல இடுப்புக் குழியை விட்டு நழுவலாம், வலி தெரியும் வரை காத்திருக்கக் கூடாது, டாக்டரிடம் கேட்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் இங்கேதான். இதைப் படிக்கிற சிபி அம்மாக்கள் யாராவது எடுக்காமல் இருந்தால் அடுத்த தடவை டாக்டரிடம் மறக்காமல் கேளுங்கள்.

குறை இல்லையா? நிறைய. ஸ்பீச் தெரப்பிஸ்ட் இடம் ஆறு மாதம் காலியாகவே கிடந்தது. வாரத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கும், அதுவும் காலை எட்டு மணிக்கே போய் நின்றால்தான். சாய்தளம் செங்குத்தாக இருக்கிறது, நாற்காலியைத் தள்ள இரண்டு ஆள் வேண்டும். அப்புறம் இது எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் யோசிக்காத விஷயம்: கைக்குழந்தைக்கு டயப்பர் மாற்றும் மேசை சில இடங்களில் உண்டு, ஆறேழு வயதுப் பிள்ளைக்கு எங்கேயும் இல்லை. கழிவறைத் தரையில் துண்டு விரித்துத்தான் மாற்றினேன். எல்லாம் சேர்த்து ஐந்துக்கு நாலு.

இனி காகிதம். யுடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டைதான் எல்லாவற்றுக்கும் சாவி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு 21 வகைக் குறைபாடுகள் அங்கீகரிக்கப்பட்டிருக்கின்றன, 40 சதவீதமோ அதற்கு மேலோ சான்று இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். சான்று கொடுக்கிற முகாமில் டாக்டர்கள் பார்த்த நேரம் பத்து நிமிடம்கூட இல்லை, அதில் ஒன்றும் சிரமம் இல்லை. எங்களை மூன்று மாதம் அலைய விட்டது ஒரே ஒரு எழுத்து. பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும், ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல். மூன்றும் ஒரே பிள்ளை என்று நம்பக் கம்ப்யூட்டர் தயாராக இல்லை. முகாமுக்குப் போகும் முன்பே ஆதாரைச் சரிபண்ணிக்கொள்ளுங்கள், அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். போன் நம்பரும் தொலையாத நம்பராகக் கொடுங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். நாங்கள் கொடுத்தது என் கொழுந்தனின் பழைய நம்பர், அவன் சிம்மை மாற்றிவிட்டான்.

அட்டை வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்தோம். அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு, தசைச் சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்றவற்றுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறது. டயப்பருக்கே போதாது என்பவர்களுக்கு, ஆமாம், போதாது. ஆனால் என் கணக்கில் என் பெயரில் வருகிற ஒரே பணம் அதுதான், அதை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. வேலையை விட்ட அம்மாக்களுக்கு நான் சொல்வது புரியும்.

நிரமயா காப்பீடு பலருக்குத் தெரிவதே இல்லை. 1999-இல் சட்டம் போட்டு ஆரம்பித்த நேஷனல் டிரஸ்ட் என்கிற மத்திய அரசு அமைப்பு நடத்துவது. ஆட்டிசம், சிபி, அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று இந்த நான்குக்கு மட்டும், வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, ஏற்கெனவே இருக்கிற நோய் என்று தள்ளிவிடவும் மாட்டார்கள். மற்ற எந்தக் கம்பெனியிடமாவது சிபி என்று சொல்லிப் பாருங்கள், போனை எவ்வளவு மரியாதையாக வைக்கிறார்கள் என்று. தெரப்பிச் செலவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அதுதான் பெரிய விஷயம். ஆனால் நாம் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு பில்லை அனுப்ப வேண்டும், டாக்டர் சீட்டும் முத்திரையும் சரியாக இருக்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க மறக்கக் கூடாது. நான் ஒரு வருடம் மறந்தேன். சரியாக அந்த வருடம்தான் வலிப்பு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். என் தப்புக்குக் காப்பீட்டின் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமில்லை, நாலு.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இப்படிப் பிள்ளையைப் பராமரிப்பதற்காக ஒரு கழிவு உண்டு, 80டிடி என்று சொல்வார்கள், 75,000 ரூபாய், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்தான். ரயிலிலும் சலுகை இருக்கிறது, துணை இல்லாமல் பயணம் செய்ய முடியாதவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம், கூட வருகிற ஒருவருக்கும் அதே. அதற்கு ரயில்வே கேட்கிற படிவத்தில் தனிச் சான்று வாங்க வேண்டும். வாங்கி வைத்திருக்கிறோம், இதுவரை ஒரே தடவை போயிருக்கிறோம். அவன் மதுரை தாண்டும் வரை ஜன்னல் கம்பியை விடவே இல்லை.

இப்போது நாற்காலி. முகாமில் சிபி சேர் என்று ஒன்று இலவசமாகக் கொடுத்தார்கள். பார்க்க ஜோராக இருந்தது, பெல்ட், முன்னால் தட்டு, சக்கரம் எல்லாம். வீட்டுக்கு வந்ததும்தான் தெரிந்தது, அளவெடுத்துக் கொடுத்தது இல்லை, இருந்ததைக் கொடுத்தது. கால் பலகைக்கு அவன் பாதம் எட்டவில்லை, கால் தொங்கினால் உடம்பு முழுக்க இறுகும். அகலமோ எங்கள் அடுப்படி வாசலைவிட இரண்டு விரற்கடை கூட. ஹாலில் அவனை உட்கார வைத்துவிட்டு நான் அடுப்படியில் நின்றால் கத்துவான். இரண்டு மாதத்தில் அதன்மேல் துவைத்த துணி ஏறிவிட்டது. இலவசம் என்பதற்காக நான் மதிப்பெண் போட மாட்டேன். ஒன்று.

பிறகு டிஇஐசி மேடம் ஒரு படம் வரைந்து கொடுத்தார், மூலை நாற்காலி. முதுகுப் பக்கம் இரண்டு பலகை சுவர் மூலை மாதிரிச் சேரும், தோள் இரண்டும் தானாக முன்னுக்கு வரும், தொடைக்கு நடுவில் ஒரு கட்டை, கால் பின்னாமல் இருக்க. அதை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு ஆசாரியிடம் போனேன். மனிதர் இதற்கு முன் செய்ததில்லை. படத்தைப் பார்த்தார், "பிள்ளையக் கொண்டாங்கம்மா" என்றார். கடையிலேயே அவனைப் பலகைமேல் உட்கார வைத்து, இடுப்பிலிருந்து முட்டி வரை, முட்டியிலிருந்து குதிகால் வரை, தோள் அகலம் என்று நாடாவில் அளந்து பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். கால் பலகையை நாலு துளை போட்டு ஆணி மாற்றி இறக்கிக்கொள்கிற மாதிரிச் செய்தது அவர் சொந்த யோசனை. "பிள்ள வளருவான்ல." நடுக்கட்டைக்குப் பழைய செருப்பு ரப்பரை ஒட்டித் துணி சுற்றினார். 2,800 ரூபாய், மரம் அவருடையது. மூன்று வருடமாக அடுப்படி வாசலில் அதில்தான் உட்கார்ந்து எனக்குக் காய் நறுக்க மேற்பார்வை பார்க்கிறான். துளையில் மூன்று இறங்கிவிட்டது. ஐந்துக்கு ஐந்து, இந்தப் பட்டியலில் இது ஒன்றுக்குத்தான்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நீளமாக எழுத ஆசை, ஆனால் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அரசுத் தொடக்கப் பள்ளி. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருகிறார், ஒரு நாள் பிசியோவும் உண்டு. பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடும் இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். தலைமையாசிரியை முதல் நாளே கேட்டது, "அவன் வேணும்கிறத எப்படிக் காட்டுவான்?" மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை மூடினால் வேண்டாம். இப்போது வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அவனிடம் அப்படித்தான் கேட்கிறார்கள், சிலர் டீச்சரிடமும் அப்படியே பதில் சொல்லித் திட்டு வாங்குகிறார்கள்.

என் நாத்தனார் வீடு செங்கோட்டைப் பக்கம். அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வளர்ச்சித் தாமதம். தென்காசி பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, அங்கிருந்து பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். 1981-இல் ராமகிருஷ்ணன் தொடங்கியது, கடற்படை அதிகாரி தேர்வில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் அசைவு போனவர் அவர். பிறகு அவரோடு சேர்ந்து நடத்த வந்த சங்கரராமன் தசைச் சிதைவு உள்ள ஆடிட்டர். சக்கர நாற்காலியில் இருப்பவர்களே நடத்துவதாலோ என்னவோ, எது எட்டும் எது எட்டாது என்று தெரிந்து செய்கிறார்கள். நான் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பிள்ளையைப் பார்க்க ஒரு பெண் வந்தார். பொம்மைப் பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை, அந்த வீட்டு வெங்காயக் கூடையை இழுத்து வைத்து, எடுத்துப் போடு, எடுத்துக் கொடு என்று அரை மணி நேரம் விளையாட்டு. பாட்டியையும் உட்கார வைத்துச் செய்யச் சொன்னார். சென்னையில் மதுரம் நாராயணன் மையமும் 1989-இலிருந்து இதே வழிதான், ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, வீட்டு ஆள் கூடவே இருந்து கற்றுக்கொள்கிற முறை. இரண்டையும் நான் சொந்தமாகப் பயன்படுத்தாததால் மதிப்பெண் போடவில்லை, பொறாமை மட்டும் உண்டு.

சிபி அம்மாக்களின் வாட்ஸப் குழு. அவசரத்துக்கு மாத்திரை எங்கே கிடைக்கும், எந்த டாக்டர் பிள்ளை அழுதால் எரிந்து விழ மாட்டார், இதற்கெல்லாம் அதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் மாதம் ஒருவராவது ஸ்டெம் செல் ஊசி பற்றிப் போடுவார்கள், சில லட்சம், நடந்துவிடுவான் என்று. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதலில் சிபிக்கோ ஆட்டிசத்துக்கோ அதை அங்கீகரிக்கவில்லை, ஆராய்ச்சிக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு செய்யக் கூடாது. நகையை அடகு வைக்கப் போன ஒரு அக்காவை நாங்கள் நாலு பேர் பேசி நிறுத்தினோம், இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை.

போன மாதம் எங்கள் ஊரில் இன்னொரு தனியார் சென்டர் திறந்திருக்கிறார்கள், ஸ்பீச் தெரப்பி உண்டு என்று நோட்டீஸ் வந்தது. போனேன். மீன் தொட்டி இல்லை. "நான் உள்ள உக்காரலாமா?" என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "மொத மூணு செஷன் உக்காரலாம், அப்புறம் பாக்கலாம்னு மேடம் சொல்றாங்க" என்றாள். மூன்று தடவைக்கு மட்டும் பணம் கட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை முதல் நாள், சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.